கூட்டிப் போகிறவர் யார் என்று கேட்ட லயம்

போன கிழமை தர்ஷினி போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு வந்திருக்கும் பிள்ளை அவள். கெட்டிக்காரிதான், ஆனால் அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது. ஆட்கடத்தலைப் பற்றி விழிப்புணர்வு வீடியோ ஒன்று எடுத்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டிருக்கிறார்கள். நல்ல பாட்டு, நல்ல நடிப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் கைகூப்பும் படம் அனுப்பிப் பாராட்டியிருக்கிறார்கள். அப்படிப் பாராட்டிய ஒரு லயத்திலிருந்தே, அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் தோட்டத்து வீடுகளிலிருந்தே, இரண்டு பெண்கள் ஒருவருக்கும் சொல்லாமல் யாரோ ஒருவனோடு கிளம்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் மறித்துத் திருப்பி அனுப்பியதால் தப்பினார்கள்.

"மிஸ், நீங்க இருந்தப்ப அந்தக் கீழ்க்கணக்கு லயத்துல மட்டும் எப்புடிச் செஞ்சீங்க? அத எனக்கு எழுதித் தாங்களேன்" என்று கேட்டாள்.

எழுதித் தருவதற்கு என்னிடம் திட்டமோ அறிக்கையோ கிடையாது. நடந்ததைத்தான் சொல்ல முடியும். நான் சொல்லும் விதம் எல்லாருக்கும் பிடிக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

நான் பிறந்தது எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில். சிங்களம் பேசத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை என்பதால் அரசாங்க வேலை கிடைத்தது. தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அலுவலகத்தில் யாருக்கும் வேண்டாத வேலை எல்லாம் என் மேசைக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, முதியோர் கொடுப்பனவு என்று ஆரம்பித்துக் கடைசியில் வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களின் விவகாரமும் வந்து சேர்ந்தது. அதற்கென்று கொழும்பில் ஒரு ஹோட்டலில் பயிற்சி வைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம், பெரிய தாளில் வட்டங்களும் அம்புக்குறிகளும், மத்தியானம் புரியாணி. திரும்பும்போது ஒரு பையும் ஒரு கட்டு போஸ்டரும் தந்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

போஸ்டரில் கறுப்புப் பின்னணியில் சங்கிலியால் பிணைத்த இரண்டு கைகள். தெரணியகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவின் சுவரில் அதை ஒட்டினேன். றப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்களை அங்கே உட்கார வைத்துத் தொண்டை கிழியப் பேசினேன். அவர்கள் பணிவாகக் கேட்டார்கள், பணிவாகப் பணிஸ் ரொட்டி தின்றார்கள். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து போஸ்டரைக் காட்டி, "இங்க யாரையும் கட்டி இழுத்துக்கிட்டுப் போகலைங்க மிஸ். புதுச் சேல கட்டி, சாமி கும்பிட்டுத்தான் போறாங்க" என்றாள். கேலிக்குச் சொல்லவில்லை, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள்மேல் அல்ல, அந்தப் படத்தை வரைந்தவன்மேல்.

அந்த ஆத்திரத்தை அப்படியே கொண்டுபோய் என் மேலதிகாரியின் மேசையில் கொட்டினேன். ரத்நாயக்க மாத்தயா, அதாவது ஐயா, என்று அவரை எல்லாரும் சொல்வோம். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது கோபமாகப் பேசினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவருக்குச் சத்தம் போட்டுச் சலிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறிய பிறகுதான் பதில் வரும். "ஹதிசியக் நே, நோனா" என்று ஆரம்பிப்பார். அவசரம் ஒன்றுமில்லை, அம்மா என்று அர்த்தம். உலகமே தீப்பற்றி எரிந்தாலும் அவருக்கு அவசரமில்லை. முதல் வருடம் அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குத்தான் அவர், இனிமேல் கூட்டம் போடுவதைக் குறைத்து வீடு வீடாகப் போவோம் என்றார். அவரோடு வீடு பார்க்கப் போவது ஒரு தனிப் படிப்பு. ஜீப்பைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஜீப் லயத்து வாசலில் போய் நின்றால், யார் வீட்டுக்கு அதிகாரி வந்தார் என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். கோப்பைக் கையில் பிடிக்கக் கூடாது, குடையோடு சேர்த்துத் துணிப்பைக்குள் போட வேண்டும். உள்ளே வாங்க என்று சொல்லும்வரை வாசலில் நிற்க வேண்டும். முதல் பேச்சு மழையைப் பற்றியும் கூரைத் தகரத்தைப் பற்றியும்தான். பிறகு பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்கு யார் பதில் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். மாமியாரோ புருஷனோ முந்திக்கொண்டு பதில் சொன்னால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு, தண்ணீர்ப் பீலி எங்கே இருக்கிறது, கொஞ்சம் காட்டுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். பீலிக்குப் போய் வரும் அந்தப் பாதையில்தான் பெண்கள் உள்ளதைச் சொல்வார்கள். அவர்கள் கண் முன்னால் எதையும் எழுதக் கூடாது. பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாரையும் போகாதே என்று சொல்லக் கூடாது. "இந்தக் கூரைக்குக் கீழே ஒரு மழைக்காலம் நீ இருப்பாயா? இருக்க மாட்டாய் என்றால் போகாதே என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை. எப்படிப் போகிறாள், திரும்பி வர வழி இருக்கிறதா, அதை மட்டும் கேள்" என்றார். சிங்களத்தில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்.

பீலிப் பாதைகளில் நடந்து நடந்துதான் ஒரு விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல அது, ஆனால் அதன் விலை என்னவென்று யோசித்ததில்லை. எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வெளியே சொல்ல மாட்டார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. கிளம்புகிறவளை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள், கேட்டால் காரியம் விளங்காது. பாஸ்போர்ட் எடுத்தது, மெடிக்கல் போனது, பெட்டி வாங்கியது எதுவும் அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த நாட்டிலிருந்து முதல் போன் வந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். பெண்களைக் கூட்டிப் போகும் திருடனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அவன் யாரையும் மிரட்டத் தேவையில்லை. "நம்ம பழக்கம் தெரியும்தானே, வெளிய சொல்லாத" என்றால் போதும், ஒரு லயமே அவனுக்காக வாயை மூடிக்கொள்ளும்.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. சாமான் விலை ஏற ஏற, போகிறவர்களும் கூடினார்கள். அப்போதுதான் ரஞ்சனியின் விவகாரம் வந்தது.

அதை முதலில் என்னிடம் சொன்னது ருவான்வெல்லைக் கடைவீதியில் பெட்டி, குடை, செருப்பு விற்கும் நளீம் நானா. நான் குடைக் கம்பி மாற்றப் போயிருந்தேன். மனுஷன் குரலைத் தாழ்த்தி, "மிஸ், கீழ்க்கணக்குப் புள்ள ஒண்டு வந்து சக்கரம் வெச்ச பேக் வாங்கிச்சி. அத அரிசிச் சாக்குக்குள்ள போட்டுக் கட்டித் தாங்க எண்டு செல்லிச்சி. எனக்கு மனசுக்குச் சரியா படல்ல" என்றார். பேக்கைச் சாக்குக்குள் மறைத்துச் சுமந்து போகிற அளவுக்கு ரகசியம் என்றால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

தோட்டத்துப் பிரிவுகளை நாங்கள் கணக்கு என்போம். மேட்டில் இருப்பது மேல்கணக்கு, ஓடைப் பக்கம் சரிவில் இருப்பது கீழ்க்கணக்கு. அந்தச் சரிவு மழைக்கு இளகுகிற சரிவு. பலத்த மழை பெய்தால் மண்சரிவு எச்சரிக்கை வரும், கீழ்க்கணக்கு ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்பார்கள். விடிந்ததும் திரும்பி வந்து, காம்பரா இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ரஞ்சனி அங்கே றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மாமியார் பாக்கியமும் பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளும் அவளோடு இருந்தார்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். ரோட்டுப் பக்கம் இறுகின மண்ணில் ஒரு துண்டு நிலம், அதில் இரண்டு அறை.

நான் போனபோது கேள்விகளுக்கு எல்லாம் பாக்கியமே பதில் சொன்னாள். யாரும் எங்கேயும் போகவில்லையாம். நான் பீலியைக் காட்டச் சொன்னேன். பாதி வழியில் ரஞ்சனி நின்றாள். சேகர் அண்ணன் கூட்டிப் போகிறார், பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான், வீட்டு வேலை, நல்ல சம்பளம் என்றாள். எந்த நாடு என்றேன், ஒரு வளைகுடா நாட்டின் பெயரைச் சொன்னாள். எந்த ஏஜென்சி, யார் வீடு, வேலை ஒப்பந்தம் எங்கே என்று கேட்டேன். சுற்றுலா விசாவில் போய், அங்கே போன பிறகு எல்லாம் மாற்றிக் கொடுப்பாராம். சுற்றுலா விசாவில் போனவளை அங்கே வேலைக்காரி என்று யாரும் பதிவு செய்வதில்லை. அவளை அடித்தாலும் விற்றாலும் கேட்க நாதி இல்லை.

இதை நான் சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. "நீங்க இப்புடி வந்து கேட்டதே சரியில்லைங்க மிஸ். போற காரியத்தக் கேட்டா நடக்குமா?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைக்கூட நிரப்பாமல் திரும்பிப் போய்விட்டாள்.

அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டேன். கண்ணாடி கழன்றது, துடைபட்டது, மறுபடி ஏறியது. அவள் போகிறாள் என்று அந்த லயத்தில் யாருக்குத் தெரியும் என்று மாத்தயா கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். அவர் முன்னால் இருந்த கோப்பை மூடி வைத்தார். பிறகு, "நீ ஒரு தடவை என்னை ஒரு பரிசத்துக்குக் கூட்டிப் போனாயே" என்றார். "அங்கே ஒரு பெரியவர் மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்ட கேள்வியில் நான் கோர்ட்டுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் போகிற பெண்ணுக்கு அவ்வளவு கேள்வி. இந்தப் பெண்ணுக்கு யார் கேட்பார்கள்?"

குடையை எடுத்துக்கொண்டு நேரே கீழ்க்கணக்குக் கோயிலுக்குப் போனேன்.

எங்கள் தோட்டங்களில் பரிசம் என்பது சபையில் நடப்பது. பெண் கேட்டு வருகிறவர்கள் தட்டோடு வந்து பாயில் உட்கார வேண்டும். தலைவர் எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். எந்தத் தோட்டம், யார் மகன், என்ன வேலை, பெண்ணுக்கு ஒன்றென்றால் யாரை வந்து கேட்பது? பதில் திருப்தியாக இருந்தால்தான் வெற்றிலை மாற்றுவார்கள். வெற்றிலை மாற்றினால் அந்தப் பெண்ணுக்குச் சபை பொறுப்பு. கீழ்க்கணக்கில் அந்த இடத்தில் இருந்தவர் முத்தையா. தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான், கோயில் தலைவரும் அவர்தான். வாய் நிறைய வெற்றிலையோடு நான் சொன்னதை எல்லாம் கேட்டார். அவள் பெயரைச் சொன்னதும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

ஆனாலும் தயங்கினார். அது வீட்டு விஷயம் என்றார். பரிசமும் வீட்டு விஷயம்தானே என்றேன். இது வேலைக்குப் போவது என்றார். வேலைக்கு என்றாலும் பெண் போய் இருக்கப் போவது ஒரு வீட்டில்தானே, அந்த வீடு யாருடையது என்று தெரிய வேண்டாமா என்றேன். கடைசியில் உண்மையான தயக்கம் வெளியே வந்தது. நாலு பேருக்கு முன்னால் சொன்னால் கண் பட்டுவிடும், பிறகு ஏதாவது ஆனால் சபையைத்தான் திட்டுவார்கள் என்றார்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முன்பென்றால் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் செய்திருப்பேன், பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் என் மகள் பரீட்சைக்குப் போகும்போது நானே மிளகாய் சுற்றிப் போட்டவள். அதனால் வேறு மாதிரிக் கேட்டேன். அம்மன் சந்நிதியில் கற்பூரம் சுற்றித் திருஷ்டி கழித்த பிறகு சொன்னால் கண் எப்படிப் படும் என்றேன். முத்தையா என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அப்படின்னா சரிங்க. மொதல்ல சுத்திப் போட்டுருவோம். அப்புறம் சபையில வெச்சுக் கேப்போம். கூட்டிட்டுப் போறவரு வந்து வெத்தல வாங்கட்டும்."

அவரே ரஞ்சனியைக் கூப்பிட்டுப் பேசினார். மிரட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நம்ம லயத்துப் பெண்ணை நல்ல வேலைக்குக் கூட்டிப் போகிற மனிதருக்குக் கோயிலில் மாலை போட வேண்டாமா, வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு வரச் சொல் என்றார். ரகசியம் வெளியே வந்துவிட்டதே என்று அவள் முதலில் அழுதாளாம். பிறகு மாலை என்றதும் கொஞ்சம் சமாதானமாகி, சேகருக்குப் போன் எடுத்திருக்கிறாள். எனக்கு இந்த மாலை எல்லாம் பழக்கமில்லை என்று அவன் சிரித்திருக்கிறான். அப்புறம், திட்டம் மாறிவிட்டது, வெள்ளிக்கிழமை காலையிலேயே பாஸ்போர்ட்டோடு அவிசாவளை பஸ் நிலையத்துக்கு வந்துவிடு என்று சொல்லியிருக்கிறான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குப் பஸ் கிடைக்கவில்லை. நளீம் நானாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். கோயில் வாசலில் லயமே கூடியிருந்தது. பாய் விரித்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை, பக்கத்தில் ஒரு பெரிய மாலை. ரஞ்சனியின் காம்பரா பூட்டிக் கிடந்தது. பாக்கியம் கோயில் படியில் பேத்தியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் எழுந்து பார்த்தால் ஆளையும் காணோம், பேக்கையும் காணோம் என்றாள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இத்தனை வருடம் போஸ்டர் ஒட்டி, வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் நாள் குறித்துக் கொடுத்து அவளை முன்கூட்டியே கிளப்பி அனுப்பியதுதான் மிச்சமா என்று நினைத்தேன். பொலிஸுக்கும் விமான நிலையத்துக்கும் சொல்ல வேண்டுமே என்று மாத்தயாவுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, யாரோ பாதையைக் காட்டிக் கத்தினார்கள்.

ரஞ்சனி வந்துகொண்டிருந்தாள். பேக்கை எல்லாரும் பார்க்க ரோட்டிலேயே இழுத்துக்கொண்டு வந்தாள். அவளோடு இன்னொரு பெண், அவளும் ஒரு பேக்கோடு. எங்களுக்கு யாருக்கும் தெரியாத பிள்ளை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. ரஞ்சனியின் முகம் அழுது வீங்கியிருந்தது. முத்தையா உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள்.

பஸ் நிலையத்தில் சேகரைக் காணாமல் காத்திருந்திருக்கிறாள். ஒரு கடை வாசலில் இந்தப் பிள்ளையும் பேக்கில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசாமலே இருந்திருக்கிறார்கள், பழக்கம் அப்படி. கடைசியில் ரஞ்சனிதான் பொறுக்க முடியாமல் எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் கேட்ட கேள்வி உள்ளுக்குள்ளே குடைந்துகொண்டே இருந்தது மிஸ் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பிள்ளை ஒரு நாட்டின் பெயரைச் சொன்னாள். அது ரஞ்சனிக்குச் சொன்ன நாடு இல்லை. கூட்டிப் போகிறவர் யார் என்றால், சேகர் மாமா. ஒரே ஆள், இரண்டு பேருக்கும் ஒரே விமானம் என்று சொல்லியிருக்கிறான், ஆனால் இரண்டு நாடு.

அதற்குள் சேகர் வேனோடு வந்திருக்கிறான். ரஞ்சனிக்கு அப்போதும் நம்பிக்கை முழுதாக விட்டுப்போகவில்லை. வீடு கட்டும் ஆசை அவ்வளவு சீக்கிரம் விடாது. அண்ணே, சாயங்காலம் கோயிலுக்கு ஒரு நடை வந்து வெற்றிலை வாங்கிவிட்டுப் போகலாம், லயமே காத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவன் எந்தக் கோயில் என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்றும் கேட்கவில்லை.

"யார்கிட்ட சொன்னன்னு கேட்டாருங்க. அந்த மூஞ்சிய நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னு சொன்னேன். அப்படியே வேன்ல ஏறிப் போயிட்டாரு. எங்கள ஏத்தக்கூட இல்ல."

பாக்கியம் எழுந்துபோய் மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை. முத்தையா மாலையை எடுத்து அம்மனுக்கே போட்டார். காசு கொடுத்து வாங்கியது வீணாகக் கூடாது பாருங்கள்.

அன்றைக்கே இரண்டு பெண்களும் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தார்கள். சேகரைப் பிறகு வேறொரு ஊரில் வேறு பெண்களோடு பிடித்தார்கள். வழக்கு இன்னும் இழுபடுகிறது என்று கேள்வி. நீங்கள் நினைக்கலாம், ரஞ்சனி எனக்கு நன்றி சொன்னாள் என்று. அடுத்த கிழமை அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரில் நின்று, "தப்பிச்சேன், சரிங்க. இப்ப எனக்கு வீடு யாரு கட்டித் தருவா?" என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஆபத்து என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போவதற்கு விழிப்புணர்வு என்று பெயர் வைக்க முடியாது.

ரத்நாயக்க மாத்தயா அவளை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். முறையாக அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சியை எப்படிச் சரிபார்ப்பது, அந்த நாட்டிலிருந்து ஆள் கேட்டு வரும் வேலைக் கட்டளை உண்மையா என்று எங்கே கேட்பது, ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது, பயிற்சி எங்கே என்று நிதானமாகச் சொன்னார். அவசரம் இல்லாத அந்தப் பேச்சு அன்றைக்கு எனக்கு முதல் தடவையாக இனிமையாக இருந்தது. மாதங்கள் போயின, மெடிக்கலும் பயிற்சியும் பதிவும் முடிந்தன. கிளம்புவதற்கு முன்னால் ஏஜென்சியிலிருந்து ஒருவர் கீழ்க்கணக்குக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். முதலில் கற்பூரம் சுற்றினார்கள். பிறகு முத்தையா கேட்டார். எந்த ஊர், யார் வீடு, வீட்டில் எத்தனை பேர், பெண்ணுக்கு ஒன்றென்றால் யாரைக் கூப்பிடுவது? வந்தவர் கொஞ்சம் மிரண்டாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வெற்றிலை மாற்றினார்கள்.

அவள் போய்ச் சில கிழமைகளாகச் சத்தமே இல்லை. போன் வரவில்லை. முன்பென்றால் வீட்டில் இருப்பவர்கள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அழுதுகொண்டிருப்பார்கள், போன விஷயமே ஊருக்குத் தெரியாதே. இப்போது லயத்துக்கே வீட்டுக்காரரின் பெயர் தெரியும். முத்தையா ஏஜென்சிக்குப் போன் எடுத்தார், பிறகு பாக்கியம் எடுத்தாள், பிறகு ஆளுக்கு ஆள் எடுத்தார்கள். கடைசியில் ஏஜென்சிக்காரர் எனக்குப் போன் எடுத்து, உங்கள் ஆட்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் மிஸ் என்று கெஞ்சினார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளுடைய போனை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஏஜென்சி தலையிட்டது, போன் கைக்கு வந்தது. அவள் ஒப்பந்தக் காலம் முடிய வேலை செய்துவிட்டுப் பட்டப்பகலில் வந்து இறங்கினாள். ரோட்டுப் பக்கம் இறுகின மண்ணில் அத்திவாரம் போட்டுச் சுவரும் எழுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் யார் கிளம்பினாலும் கோயிலில் பாய் விரிப்பது வழக்கமாகிவிட்டது. நான் சொல்லி அல்ல. தர்ஷினி, உன் வீடியோவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு யார் யாரிடம் எங்கே உட்கார்ந்து கேட்பது என்று ஒவ்வொரு லயமும் தன் பழக்கத்துக்குள்ளேயே ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும். கீழ்க்கணக்குக்குப் பரிசப் பாய் பொருந்தியது. மற்ற இடங்களுக்கு என்ன பொருந்தும் என்று எனக்குத் தெரியாது, நீதான் பீலிக்கு நடந்து பார்க்க வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே கடைசியாக ஒரு வெற்றிலைக்குப் போனேன். சத்யா என்ற பிள்ளை கிளம்பவிருந்தாள். ஏஜென்சியிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் வந்திருந்தார், நல்ல பிள்ளை, வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். முத்தையா தம் கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டு, வேறு யாருக்காவது கேட்க இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ரஞ்சனி எழுந்தாள். தலைவர் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். அவள் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க போன பின்னாடி இவளோட போன் யாரு கையில இருக்கும்?"

இளைஞர் அது அந்தந்த வீட்டைப் பொறுத்தது என்றார். அவள் தலையாட்டினாள்.

"அது எங்களுக்கு இப்பவே தெரியணும்ங்க. தெரிஞ்ச பின்னாடி வெத்தல எடுத்துக்குங்க."

வெற்றிலைத் தட்டுக்கு நீட்டிய கையை அவர் அப்படியே நிறுத்திவிட்டு, அரசாங்கத்தின் ஆள் என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க தம்பி, அவங்கதானே கேக்குறாங்க" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டு, சபைக்கு நடுவில் உட்கார்ந்தபடியே கொழும்புக்குப் போன் போட்டார். லயமே காத்திருந்தது.